மட்டுப்பாடுகள்

முதலில் எழுதிய தலைப்பு நாலு வரி நீளம்.
மேடம் சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டி
ஒன்றரை வரியாக்கினார்:
சம்மாந்துறை அரிசி ஆலைத் தொழிலாளரின்
வேலைத் திருப்தியும் விலகும் எண்ணமும்.
"ஆய்வு இடைவெளி எங்கே, நிப்ராஸ்?
அதைக் காட்டுங்கள் முதலில்."
ஒலுவிலிலிருந்து திரும்பும் வழியெல்லாம் தேடினேன்.
வயலுக்கும் வயலுக்கும் இடையில் வரம்புதான் கிடந்தது,
வரம்பில் ஒரு கொக்கு.

பங்குனி. மில் இரவு பகலாய் ஓடுகிற மாதம்.
காலையில் காசாளன்,
இஷாவுக்குப் பிறகு ஆய்வாளன்.
மடிக்கணினியின் விசைகளுக்குள் தவிடு;
ஒருதரம் அழுத்தினால் இரண்டெழுத்து விழும்.
இரண்டாம் அத்தியாயத்தில்
நான் பார்த்திராத ஊர்களின் பேராசிரியர்கள்
அடைப்புக்குறிக்குள் ஆண்டோடு குந்தியிருக்கிறார்கள்.
நெல் அவிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில்
அவர்களில் ஒருவராவது நின்றிருப்பாரா?
கேட்க அந்த அத்தியாயத்தில் இடமில்லை.

வினாக்கொத்து. முப்பத்தொரு கூற்று, ஐந்து கட்டம்.
முற்றிலும் மறுக்கிறேன் முதல்
முற்றிலும் உடன்படுகிறேன் வரை.
ளுஹர் முடிந்து வந்தவர்களிடம் நீட்டினேன்.
ஆதம்பாவா காக்கா கேட்டார்:
"இதில பேர் எழுதணுமா தம்பி?"
"தேவையில்ல காக்கா, ரகசியம்."
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு
பெட்டகச் சாவி தொங்குகிற என் இடுப்பைப் பார்த்தார்.
பேனையை வாங்கி
மேலிருந்து கீழே ஒரே சறுக்கலில்
ஐந்து ஐந்து ஐந்து.
பதினேழாவதிலும் ஐந்து:
'இவ்வேலையை விட்டு விலக அடிக்கடி நினைக்கிறேன்.'
அவர் வாசிக்கவில்லை.
அல்லது
வாசித்தார்.

மல்வத்தையிலிருந்து வரும் கோமளாதேவி
கல் பொறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்:
"நடுவில மூண்டு எண்டா என்ன?"
"உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை."
"அதைப் போடுங்க. முப்பத்தொண்டுக்கும்."

நூற்று எட்டுத் தாள்கள் திரும்பின.
மூன்று தாளில் வெற்றிலைக் கறை,
ஒன்றில் யாரோ மூட்டைக் கணக்குப் பார்த்திருந்தார்கள்.
எல்லாவற்றையும் எண்ணாக்கி ஏற்றினேன்.
மேடம் அட்டவணையை இரண்டு தரம் பார்த்தார்.
"திருப்தியும் உச்சம், விலகும் எண்ணமும் உச்சம்.
இது நடக்காது.
உள்ளிட்டதில் பிழை விட்டிருக்கிறீர்கள்."
மின்வெட்டு இரவில், பேசியின் வெளிச்சத்தில்,
தாள் தாளாய்ச் சரிபார்த்தேன்.
பிழை இல்லை.

மேசையின் மூன்றாவது லாச்சியில் இருக்கிறது
முற்பணக் கொப்பி, நீல அட்டை.
ஆதம்பாவா, மகளின் கலியாணம், எண்பத்தாறாயிரம்.
கோமளாதேவி, கூரைத் தகரம்; பிறகு மகனுக்குக் கண்ணாடி;
பிறகு காரணம் எழுதாமல் நாலு தரம்.
விலகும் எண்ணத்துக்கு அதில் ஒரு நிரல் உண்டு.
அதன் பெயர் மீதி.
நாற்பதாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே என் பெயர்:
நிப்ராஸ், முதுமாணிப் பதிவுக் கட்டணம்,
ஒன்றரை லட்சம்.
கழிந்தது: இருபதாயிரம்.

ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம்
ஆய்வின் மட்டுப்பாடுகள்.
எல்லோரும் எழுதுவதை நானும் எழுதினேன்:
காலம் போதாமை.
மாதிரி ஓர் ஊருக்குள் அடங்கியமை.
பிறகு, மில் ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை,
இன்னொரு வரி:
வினாக்கொத்தை வழங்கியவரே
முற்பணக் கொப்பியை எழுதுபவர்;
அக்கொப்பியில் அவரும் உள்ளார்.

மேடம் அந்த வரியை வெட்டவில்லை.
கீழே மெல்லிய சிவப்புக் கோடு போட்டு
ஓரத்தில் ஒரு சொல்: மூலம்?

இன்னும் பதில் எழுதவில்லை.
பைண்டிங் கடைக்காரர் இரண்டாம் தரமும் எடுத்துவிட்டார்,
அட்டை என்ன நிறம் என்று.
நீலம் வேண்டாம் என்றேன்.
வேறு எதுவானாலும் சரி.